40-ஆ, 42-ஆ? லெதர் ஜாக்கெட் அளவு குழப்பம்

காரைக்குடி_கிளாசிக்:
வணக்கம். வண்டி ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350 பைக். லெதர் ஜாக்கெட் எடுக்கச் சென்னை பெரியமேடு போயிருந்தேன். மார்பளவு 40க்கும் 42க்கும் நடுவுல நிக்குது. 40 போட்டா கண்ணாடியில கச்சிதம், ஆனா கொஞ்சம் பிடிக்குது. கடைக்காரர் 42 எடுங்கங்கிறார், நம்ம ஊர் வெயிலுக்குக் காத்தாட இருக்குமாம். எதை எடுக்க?

தேவகோட்டை_புல்லட்:
42தான் தம்பி. சித்திரை வெயில்ல திருமயம் தாண்டுறதுக்குள்ள உள்சட்டை பிழியிற அளவுக்கு நனைஞ்சிரும். இதுல உடம்போட ஒட்டுற ஜாக்கெட் வேறயா? அதோட நம்ம பக்கத்துக் கல்யாணப் பந்தியில உக்காந்து எந்திரிச்சா 40ல ஜிப் ஏறாது.

கோட்டையூர்_ட்வின்:
பந்தி சரி அண்ணே, மத்ததை ஒத்துக்க மாட்டேன். லூசா இருந்தா காத்து வரும்ங்கிறது பருத்திச் சட்டைக்கு. லெதர்ல காத்து வர்றது துளை போட்ட பகுதி வழியாவும், காத்துக்குன்னு திறந்து மூடுற வென்ட் ஜிப் வழியாவும்தான். லூசா எடுத்தா ஹைவேயில உப்பிக்கிட்டுப் படபடன்னு அடிக்கும், தோள் விட்டுப் போகும்.

அதைக்கூடப் பொறுத்துக்கலாம். விழும்போது அடி தாங்க உள்ள வச்சிருக்கிற முழங்கை பேடு முழங்கையில இருக்கணும்ல? 42ஐ மாட்டிக்கிட்டு அந்த பேடைப் பிடிச்சுத் திருகிப் பாருங்க தம்பி. சுத்திக்கிட்டு உள்பக்கம் வந்துச்சுன்னா, ரோட்டுல உரசும்போதும் அப்படித்தான் சுத்தும். அப்புறம் அதுல அடி தாங்குற உசந்த தரம், லெவல் 2ன்னு அச்சடிச்சிருந்து என்ன பிரயோஜனம்?

கண்ணாடியை விடுங்க, வண்டியில உக்காந்து பாருங்க. ஹேண்டில் பிடிச்ச நிலையில ஜாக்கெட் கை மணிக்கட்டை மூடணும், முதுகுப்பக்கம் இடுப்புக்கு மேல ஏறக் கூடாது, கக்கத்துல அறுக்கக் கூடாது. நிக்கும்போது கை நீளமா, முழங்கையில வளைஞ்சு கோணலாத் தெரியும். ஓட்டுறதுக்குன்னு வெட்டினது அப்படித்தான் இருக்கும்.

தேவகோட்டை_புல்லட்:
ட்வின், அதான் ரெட்டை சிலிண்டர் வண்டி, ஓட்டுறவர் குனிஞ்சு ஓட்டுவாரா இருக்கும். தம்பியோடது நிமிந்து உக்கார்ற வண்டி. புது லெதர் அட்டை மாதிரி விறைப்பா இருக்கும், இறுக்கமா எடுத்தா கழுத்தைத் திருப்பிப் பின்னால வர்ற பஸ்ஸைப் பார்க்க முடியாது. அதுவும் பாதுகாப்புதான் தம்பி.

கானாடுகாத்தான்_மெஷ்:
சண்டைக்கு நடுவுல ஒரு கேள்வி. இந்த ஊர்ல லெதரே எதுக்கு? குன்றக்குடிக்கும் பிள்ளையார்பட்டிக்கும் போக அதை எவன் மாட்டுறான்? ஆணியிலதான் தொங்கும், ஐப்பசி மழையில பூஞ்சணம் பிடிக்கும். ரைடிங் உடுப்புக்கான ஐரோப்பியப் பாதுகாப்புத் தரம் இஎன் 17092 லேபிள் வச்ச மெஷ், அதான் வலைத்துணி ஜாக்கெட், ஒண்ணு வாங்குங்க, தினமும் போடுவீங்க.

கோட்டையூர்_ட்வின்:
உள்ளூருக்கு மெஷ் சரி, மறுக்கல. ஆனா அந்த லேபிள்ல ஏ-வா, ஏஏ-வா, ஏஏஏ-வான்னு பாருங்க. ஏ-ங்கிறது இந்த மூணுல கம்மியான, டவுன் ஓட்டத்துக்கான ரகம். திருச்சி ரோட்டுல நூறைத் தொடுறவருக்கு அது பத்தாது. மெஷ்ஷையும் லூசா எடுத்தா பேடு கதை இதேதான்.

புதுவயல்_தோல்தையல்:
தோல் தைக்கிறவன்ங்கிறதால சொல்றேன். லெதர் வளையிற இடத்துல இளகும்: முழங்கை, தோள்பட்டைக்குப் பின்பக்கம். கழுத்துப் பிரச்சனை கொஞ்ச நாள்ல தீரும். ஆனா கை நீளமும் தோள் அகலமும் அப்படி இளகிப் பெருசாகாது. தோள் தையல் எலும்பு முனையில உக்காரலைன்னா அந்த அளவைத் தொடாதீங்க.

பெருசா வாங்கிப் பிடிச்சுக்கலாம்னு நிறைய பேர் வர்றாங்க. பக்கவாட்டுல பிடிச்சுத் தரலாம். தோள்ல கை வச்சா லைனிங், பேடு பை எல்லாத்தையும் பிரிக்கணும். துணியில ஊசி ஓட்டை மூடிக்கும், தோல்ல அப்படியே நிக்கும். வெளியே தெரியிற இடத்துல நின்னா பார்வையும் போச்சு, வலுவும் போச்சு. வயிறுதான் கவலைன்னா இடுப்புல பட்டை வச்சு இறுக்கித் தளர்த்துற மாடலாக் கேளுங்க.

காரைக்குடி_கிளாசிக்:
40ல தோள் தையல் சரியா உக்காந்துச்சு. பிடிச்சது மார்புலதான். 42ல தோள் கீழ இறங்கினது இப்பத்தான் உறைக்குது.

தேவகோட்டை_புல்லட்:
சரி தம்பி, கடையில போட்டுப் பார்த்தப்ப முதுகுல என்ன இருந்துச்சு? பாதிக் கடையில வெறும் ஸ்பாஞ்சுதான் இருக்கும். நிஜ முதுகு பேடு வச்சா 40 தாங்குமா?

கோட்டையூர்_ட்வின்:
இது நல்ல கேள்வி அண்ணே. ஸ்பாஞ்சை உருவிட்டு, முதுகு பேடுக்கான தரம் இஎன் 1621-2 போட்ட பேடை உள்ள வச்சு 40ஐப் போடுங்க. ஜிப்பை மேல வரைக்கும் ஏத்திட்டு வண்டியில உக்காந்து கை நீட்டி, ஆழமா ஒரு மூச்சு இழுங்க. முடிஞ்சா 40. முடியலைன்னா 42க்குப் போகாதீங்க, மார்பளவு எடுத்து 41ல தைச்சுத் தருவாங்களான்னு அந்தக் கடையிலயே கேளுங்க.