மேனேஜருக்குக் கீழே உள்ளவர்களின் சேலரி ஸ்லிப் தெரிகிறது: ஈஆர்பிநெக்ஸ்ட் பெர்மிஷனில் எங்கே தவறு?

கேள்வி: பேரோல்_டெஸ்க்

ஈஆர்பிநெக்ஸ்ட் 15 (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்), கூடவே ஊழியர், சம்பள வேலைக்கு ஃப்ராப்பே எச்ஆர். ஒரே கம்பெனி, மூன்று பிராஞ்ச், 240 பேர்.

லைன் மேனேஜர்களுக்கு எம்ப்ளாயி, லீவ் அப்ரூவர் என்ற இரண்டு ரோல் மட்டும்தான். ஆனாலும் சேலரி ஸ்லிப் லிஸ்ட்டைத் திறந்தால் சொந்த ஸ்லிப்போடு டீம் ஆட்களின் ஸ்லிப்பும் வருகிறது. எம்ப்ளாயி மாஸ்டரில் அவர்களுடைய சிடிசி (ஒருவருக்குக் கம்பெனி செய்யும் மொத்தச் சம்பளச் செலவு), பேங்க் அக்கவுண்ட் நம்பர் வரை தெரிகிறது. இப்போதைக்கு கஸ்டமைஸ் ஃபார்மில் சிடிசிக்கு ‘ஹிடன்’ டிக் போட்டிருக்கிறேன். போதுமா?

இன்னொன்று. ஓசூர் பிராஞ்ச் பேரோல் பார்ப்பவருக்கு எச்ஆர் யூசர் ரோல் கொடுத்து, பிராஞ்ச் = ஓசூர் என்று யூசர் பெர்மிஷனும் (எந்த ரெக்கார்டுகளை மட்டும் பார்க்கலாம் என்ற வரம்பு) போட்டாயிற்று. அப்படியும் மற்ற பிராஞ்ச் ஸ்லிப் சில வருகிறது. எல்லாம் இல்லை, சிலதுதான். ஏன்?

பதில் 1: மரக்கிளை

முதல் சிக்கல் கோளாறு இல்லை சார், டிசைனே அப்படித்தான். எம்ப்ளாயி என்பது ‘ரிப்போர்ட்ஸ் டு’ வைத்துக் கட்டிய ட்ரீ. எம்ப்ளாயி ஃபார்மில் ‘கிரியேட் யூசர் பெர்மிஷன்’ டிக் இருந்தால் அந்த யூசருக்கு இரண்டு பெர்மிஷன் தானாக உருவாகும்: அவருடைய எம்ப்ளாயி ரெக்கார்டுக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று. ட்ரீயில் ஒருவருக்குக் கொடுத்த பெர்மிஷன் அவருக்குக் கீழே கடைசி ஆள் வரை இறங்கும். எம்ப்ளாயி ரோலுக்கு சேலரி ஸ்லிப்பில் ரீட் உண்டு. இரண்டும் சேர்ந்தால் நீங்கள் பார்க்கும் நிலைமைதான்.

யூசர் பெர்மிஷன் லிஸ்ட்டில் அந்த மேனேஜரின் எம்ப்ளாயி வரியைத் திறந்து ‘ஹைட் டிசென்டன்ட்ஸ்’ டிக் போடுங்கள். அதன்பின் அவருக்குத் தன் ரெக்கார்டு மட்டும்தான். ஒவ்வொரு மேனேஜருக்கும் செய்ய வேண்டும்.

பதில் 2: லெவல்_ஒன்று

ஹிடன் போதாது. அது திரையில் மட்டும்தான் மறைக்கும். மதிப்பு பிரவுசருக்கு வந்துவிடும். எஃப்12 அழுத்தி நெட்வொர்க் டேப் பார்க்கத் தெரிந்த யாருக்கும் சிடிசி கிடைக்கும். சர்வரிலேயே நிறுத்த வேண்டுமென்றால் பெர்ம் லெவல் (ஒரு ஃபீல்டை எந்த ரோல் பார்க்கலாம் என்பதை முடிவு செய்யும் எண்).

கஸ்டமைஸ் ஃபார்ம் → எம்ப்ளாயி. சிடிசி, பேங்க் அக்கவுண்ட் நம்பர், பான் ஆகிய வரிகளில் பெர்ம் லெவல் 1. செக்‌ஷன் பிரேக்கில் (ஃபார்மின் பகுதித் தலைப்பில்) போட்டால் உள்ளே இருக்கும் ஃபீல்டுகளுக்கு அது சேராது, ஒவ்வொன்றாகப் போடுங்கள். அடுத்து ரோல் பெர்மிஷன்ஸ் மேனேஜரில் எம்ப்ளாயி டாக்டைப்புக்குப் (டாகுமெண்ட் வகைக்குப்) புது ரூல்: ரோல் எச்ஆர் மேனேஜர், லெவல் 1, ரீட், ரைட். இதை மறந்தால் எச்ஆர் மேனேஜருக்கும் அந்த ஃபீல்டுகள் காணாமல் போகும்.

‘ஊழியர் தன் பேங்க் நம்பரையாவது பார்க்கட்டும்’ என்று எம்ப்ளாயி ரோலுக்கும் லெவல் 1 ரீட் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். லெவல் ரோலைப் பார்த்துத்தான் முடிவாகும், எந்த ரெக்கார்டு என்று பார்க்காது. எச்ஆர் யூசருக்கும் எம்ப்ளாயி ரோல் இருக்கும் அல்லவா? அவர் திறக்கும் அத்தனை பேர் சிடிசியும் தெரிந்துவிடும்.

பேரோல்_டெஸ்க்

நன்றி. ஆனால் ஹைட் டிசென்டன்ட்ஸ் போட்டால் மேனேஜர் எப்படி லீவ் அப்ரூவ் செய்வார்? அட்டெண்டன்ஸும் பார்க்க வேண்டுமே?

பதில் 3: மரக்கிளை

லீவுக்குக் கவலை இல்லை. லீவ் அப்ளிகேஷன் சேவ் ஆகும்போதே லீவ் அப்ரூவருக்கு அந்த டாகுமெண்ட் தானாக ஷேர் ஆகிவிடும்; ஷேர் ஆனது யூசர் பெர்மிஷனைத் தாண்டி வரும். எக்ஸ்பென்ஸ் கிளெய்மும் அப்படியே.

அட்டெண்டன்ஸுக்குத் தனியாக இன்னொரு யூசர் பெர்மிஷன்: அதே யூசர், அதே எம்ப்ளாயி, ‘அப்ளை டு ஆல் டாகுமெண்ட் டைப்ஸ்’ டிக்கை எடுத்துவிட்டு ‘அப்ளிகபிள் ஃபார்’ = அட்டெண்டன்ஸ், ஹைட் டிசென்டன்ட்ஸ் காலி. இரண்டு வரியும் கூட்டலாகச் சேரும். எல்லாம் மூடியிருக்கும், அட்டெண்டன்ஸ் மட்டும் கீழ்வரை திறக்கும்.

இங்கேதான் பலர் வழுக்குவார்கள்: இந்த இரண்டாவது வரியை லிஸ்ட்டில் உள்ள ‘ஆட் / அப்டேட்’ பட்டன் வழியாகப் போடாதீர்கள். அதில் குறிப்பிட்ட டாக்டைப் தேர்ந்தெடுத்தால் ‘எல்லாவற்றுக்கும்’ என்றிருந்த பழைய வரியை அழித்துவிடும். அழிந்தபின் சேலரி ஸ்லிப்புக்கு எம்ப்ளாயி தடையே கிடையாது. டீம் ஸ்லிப் தெரிந்த இடத்தில் கம்பெனி முழுக்கத் தெரியும். சாதாரண நியூ ஃபார்மில் போடுங்கள். முடித்ததும் லிஸ்ட்டில் அந்த யூசருக்கு எம்ப்ளாயி வரி இரண்டும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

பதில் 4: கிளைக்கணக்கு

ஓசூர் விஷயம். அந்தச் ‘சில’ ஸ்லிப்பைத் திறந்தால் பிராஞ்ச் காலியாக இருக்கும், பந்தயம். லிங்க் ஃபீல்டு (பிராஞ்ச் போல வேறொரு ரெக்கார்டைச் சுட்டும் ஃபீல்டு) காலியாக உள்ள டாகுமெண்ட்டை யூசர் பெர்மிஷன் தடுக்காது. சேலரி ஸ்லிப் லிஸ்ட்டில் பிராஞ்ச் → இஸ் → நாட் செட் என்று ஃபில்டர் போட்டால் மொத்தமும் வரும்.

சிஸ்டம் செட்டிங்ஸில் ‘அப்ளை ஸ்ட்ரிக்ட் யூசர் பெர்மிஷன்ஸ்’ டிக் போட்டால் காலியானவை மறையும். ஆனால் அது சைட் முழுவதற்கும். ஸ்டோர்ஸ், சேல்ஸ் ஆட்களுக்கும் சில டாகுமெண்ட் திடீரென்று மறையும். முதலில் எம்ப்ளாயி மாஸ்டரில் பிராஞ்ச்சை நிரப்புவதுதான் சரி. அப்படியும் பழைய ஸ்லிப் திருந்தாது, ஸ்லிப் போட்ட அன்று மாஸ்டரில் இருந்ததுதான் அதில் நிற்கும். சப்மிட் ஆனவற்றை பேக்கப் எடுத்துவிட்டு பெஞ்ச் கன்சோலில் (சர்வரில் கமாண்ட் எழுதும் திரையில்) நிரப்பலாம்.

இதைவிடப் பெரிய ஓட்டை, சேலரி ஸ்ட்ரக்சர் அசைன்மெண்ட். பேஸ் தொகை (சம்பளக் கணக்குக்கு அடிப்படையான தொகை) அதில்தான் இருக்கிறது, ஆனால் அதில் பிராஞ்ச் ஃபீல்டே இல்லை. எம்ப்ளாயி வழியாக பிராஞ்ச்சைப் போய்ப் பார்க்கும் அளவுக்கு யூசர் பெர்மிஷன் நீளாது. அதனால் உங்கள் ஓசூர் ஆள் மூன்று பிராஞ்ச் பேஸையும் இப்போதே பார்க்க முடியும். பிராஞ்ச் என்று ஒரு கஸ்டம் ஃபீல்டு (லிங்க்) சேர்த்து, எம்ப்ளாயியிலிருந்து ஃபெட்ச் ஆகும்படி (மதிப்பு தானாக வரும்படி) வையுங்கள். பழைய ரெக்கார்டுக்கு இங்கும் பெஞ்ச் கன்சோல் வேலை உண்டு.

சேலரி ரெஜிஸ்டர் ரிப்போர்ட்டையும் பாருங்கள். அது ஸ்கிரிப்ட் ரிப்போர்ட் (கோடு எழுதித் தயாரித்த ரிப்போர்ட்); பெர்ம் லெவல் அதற்குப் பொருந்தாது. ‘ரோல் பெர்மிஷன் ஃபார் பேஜ் அண்ட் ரிப்போர்ட்’ போய், அந்த ரிப்போர்ட்டுக்கு எம்ப்ளாயி ரோல் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

பதில் 5: லெவல்_ஒன்று

டெஸ்ட் செய்யும்போது அட்மினிஸ்ட்ரேட்டர் லாகினில் பார்க்காதீர்கள், அதற்கு எந்தத் தடையும் கிடையாது. யூசர் ஃபார்மில் பெர்மிஷன்ஸ் → ‘வியூ பெர்மிட்டெட் டாகுமெண்ட்ஸ்’ இருக்கிறது. இல்லையென்றால் அட்மினிஸ்ட்ரேட்டராக இருந்து ‘இம்பர்சனேட்’ செய்து, மேனேஜர் கண்ணால் சேலரி ஸ்லிப், எம்ப்ளாயி, சேலரி ஸ்ட்ரக்சர் அசைன்மெண்ட் மூன்றையும் திறந்து பாருங்கள்.

அப்படியே அட்டாச்மெண்ட்டையும். ஆதார், பான், பேங்க் பாஸ்புக் ஸ்கேன்களில் ‘பிரைவேட்’ டிக் இல்லாவிட்டால் லிங்க் தெரிந்த எவரும் லாகின் இல்லாமலே திறக்கலாம். இதற்கு ரோலும் லெவலும் எதுவும் செய்யாது. ஃபைல் லிஸ்ட்டில் ‘அட்டாச்டு டு டாக்டைப்’ = எம்ப்ளாயி, ‘இஸ் பிரைவேட்’ = நோ என்று ஃபில்டர் செய்து, வருவதை எல்லாம் பிரைவேட் ஆக்குங்கள்.