அமெரிக்க மாணவர்களைப் பேட்டி எடுக்கச் சொல்கிறார்கள்: யாரிடம் போவது, என்ன கேட்பது?

கரூர்ப் பையன்: அனைவருக்கும் வணக்கம். வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆங்கில எழுத்து வகுப்பில், அமெரிக்க மாணவர் இருவரைச் சந்தித்து, இங்குள்ள பேராசிரியர்கள் மாணவர்களிடம் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்று பேட்டி கண்டு, வெள்ளிக்கிழமைக்குள் அறிக்கை தரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு இங்கே தெரிந்தவர்கள் எல்லோரும் தெலுங்கு நண்பர்களும் சீன நண்பர்களும்தான். முன்பின் அறியாதவரிடம் எப்படிப் பேச்சைத் தொடங்குவது? தயவுசெய்து விரைவில் சொல்லுங்கள்.

டாலஸ்வாசி: தம்பி, பேட்டி இருக்கட்டும், முதலில் ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் வரி விடாமல் படியுங்கள். ஊரில் செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் விழித்திருந்து படித்தே கரையேறிவிடலாம். இங்கே வாரந்தோறும் வீட்டுப்பாடம், குவிஸ், மிட்டெர்ம் (இடைப்பருவத் தேர்வு) என்று மதிப்பெண் சிதறிக் கிடக்கும். நான் வந்த முதல் குளிர்காலம் முழுவதும் பேருந்து நிறுத்தத்தில் நடுங்கிக்கொண்டே படித்தவன். எனக்கு இப்படியொரு வகுப்பும் கிடையாது, கேட்க ஆளும் கிடையாது.

ஓஹாயோ அக்கா: அவர் கேட்டது அதுவல்லவே. நூலகத்துக்குப் போங்கள் தம்பி, தனியாக அமர்ந்திருப்பவரிடம் வகுப்புப் பணி என்று சொல்லிப் பத்து நிமிடம் கேளுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

நெல்லை நாதன்: நூலகத்தில் படித்துக்கொண்டிருப்பவரை இடைமறிப்பது சரியன்று. உடன் படிப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரம் கேட்பதே முறை.

ஓஹாயோ அக்கா: வெள்ளிக்கிழமைக்குள் பதில் வருமா என்பதையும் நீங்களே சொல்லிவிடுங்கள்.

நெல்லை நாதன்: எதிர்பார்ப்பைப் பற்றிக் கேட்டால், வகுப்பில் வாய் திறப்பவனுக்கே மதிப்பெண் என்பதுதான் என் பதில். கணக்கைச் சரியாகப் போட்டவன் பின்வரிசையில் அமைதியாக இருந்தால் பார்ட்டிசிபேஷன் மதிப்பெண் போய்விடுகிறது.

டாலஸ்வாசி: குரூப் புராஜெக்டை விட்டுவிட்டீர்களே! வேலை முழுவதும் நம் தலையில், மேடையில் பேசுவது மட்டும் அவர்கள்.

வடமராட்சியான்: புலம்பலை வேறோர் இடத்தில் வைத்துக்கொள்ளலாம். தம்பி, உங்கள் பல்கலைக்கழகத்தின் ரைட்டிங் சென்டருக்குப் போங்கள். அங்கே கட்டுரை திருத்த உதவுபவர்களில் பலர் மாணவர்கள், வெளிநாட்டவருக்கு விளக்கிப் பழகியவர்கள். உங்கள் வகுப்புகளில் அமெரிக்கரான டிஏ (பேராசிரியருக்கு உதவும் மாணவர்) இருந்தால் அவரையும் கேட்கலாம்.

'பேராசிரியர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள்?' என்று பொதுவாகக் கேட்டால் 'கடினமாக உழைக்க வேண்டும்' என்ற பதிலோடு திரும்பி வருவீர்கள். நடந்ததைக் கேளுங்கள்: பேராசிரியரை அவர் அறையில் சந்திக்கும் ஆபீஸ் அவர்ஸுக்குக் கடைசியாக எதற்காகப் போனார், என்ன பேசினார், வீட்டுப்பாடத்தை நண்பரோடு விவாதிப்பது எந்த இடத்தில் காப்பியடிப்பதாகிவிடுகிறது, கெடு தாண்டும் என்று தெரிந்தால் பேராசிரியருக்கு எப்போது, எப்படி எழுதுவார். பாடத்தின் அளவைக் கிரெடிட் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு கிரெடிட்டுக்கு வாரம் ஒரு மணி நேர வகுப்பும், வெளியே குறைந்தது இரண்டு மணி நேர உழைப்பும் என்பதே அமெரிக்கக் கூட்டரசின் கணக்கு. அதன்படி மூன்று கிரெடிட் பாடத்துக்கு வாரம் ஒன்பது மணி நேரம். உண்மையில் அவர் எவ்வளவு செலவிடுகிறார் என்று கேட்டால் அறிக்கைக்கு நல்ல செய்தி கிடைக்கும்.

ஆனால் ஒன்றில் கவனம் வேண்டும். அவர்கள் சொல்வது அவர்கள் வாழ்க்கைக்குப் பொருந்துவது. 'பாடம் கடினமாக இருந்தால் பாதியில் டிராப் செய்துவிடு' என்பார்கள். அவர்களுக்கு அது சாதாரணம். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருக்கும் நீங்கள், டிஎஸ்ஓ-வின் (பல்கலைக்கழகத்தில் வெளிநாட்டு மாணவர்களின் விசா விவகாரங்களைப் பார்க்கும் அலுவலர்) முன் அனுமதியின்றி முழுநேரப் பாடச் சுமைக்குக் கீழே இறங்கினால் விசா ஸ்டேட்டஸே போய்விடும். இளங்கலைக்கு அந்த அளவு செமஸ்டருக்கு 12 கிரெடிட். முதுகலைக்குப் பல இடங்களில் 9. நீங்கள் இளங்கலையா, முதுகலையா, எந்த மாநிலம் என்று எதையுமே சொல்லவில்லையே?

கரூர்ப் பையன்: மன்னிக்கவும் அண்ணா. முதுகலை, பென்சில்வேனியா. பேட்டியைக் கைபேசியில் பதிவு செய்ய நினைத்திருக்கிறேன். அவர்கள் பேசும் வேகத்துக்கு என்னால் எழுத முடியாது.

வடமராட்சியான்: அப்படியானால் சொல்லாமல் பதிவு செய்யாதீர்கள். பென்சில்வேனியாவில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்யப் பேசுகிற எல்லோருடைய சம்மதமும் சட்டப்படி வேண்டும். முதலில் கேளுங்கள், பதிவைத் தொடங்கிய உடனே மறுபடியும் கேட்டு, அவர் சம்மதிப்பதும் பதிவில் வரும்படி செய்யுங்கள். அறிக்கையில் பெயர் போடலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். முதுகலையில் இருப்பதால் இருவரில் ஒருவராவது உங்கள் துறையின் முதுகலை மாணவராக இருக்கட்டும். முதலாண்டு இளங்கலை மாணவர் சொல்லும் அளவுகோல் உங்களுக்கு உதவாது. ரைட்டிங் சென்டரில் பெரும்பாலும் முன்பதிவு வேண்டும். நாளைக்கு இடம் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.