ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் (ஆஸ்திரேலியா): பேரைச் சொல்லிக் கூப்பிட்டது தப்பா? நாளைக்கு மேனேஜர் கூப்பிட்டிருக்கார்

செல்வி_எம்: அவசரம். ஊருக்குப் புதுசு, கிளினிக் ரிசப்ஷன்ல வேலை. இன்னைக்கு லிஸ்ட்ல இருந்த பேரைச் சத்தமா கூப்பிட்டேன். உட்கார்ந்திருந்த பெண்கள் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க, ஒரு பாட்டி எழுந்து வெளியே போயிட்டாங்க. காலைல பேசணும்கிறார் மேனேஜர். வேலை போயிடுமா? வீட்லயும் கூலர் ஓடுது, குளிரவே மாட்டேங்குது, குழந்தை தூங்கலை.

கோவை_சிவா: எந்தக் கூலர்? கூரைமேல பெரிய பெட்டின்னா அது தண்ணியில ஓடுற வகை. ஜன்னலை மூடி வெச்சா குளிராது, காத்து வெளியே போக வழி வேணும். படுக்கிற அறையில ஒரு ஜன்னலைக் கையகலம் திறங்க. இங்க வர்றது நிலத்தடித் தண்ணி, உப்பு அதிகம். கூலருக்குள்ள தண்ணியில நனையுற பேடுல வெள்ளையா படிஞ்சு காத்தை அடைச்சிடும், அப்போ பேடை மாத்தணும். மேகம் கூடிப் புழுங்குற நாள்ல அது உதவாது.

ராஜி_அக்கா: ராத்திரி ஜன்னலைத் திறக்கச் சொல்லாதீங்க தம்பி, திருட்டு பயம் இருக்கு. ஸ்பிளிட் ஏசி போடச் சொல்லி ஹவுஸ் ஓனருக்கு மெயில் அனுப்பு செல்வி.

கோவை_சிவா: ஓனர் பதில் போடுறதுக்குள்ள கோடையே முடிஞ்சிடும் அக்கா. கம்பிக் கதவைப் பூட்டிட்டு உள்கதவை மட்டும் திறந்து வைக்கட்டும்.

வவுனியா_குகன்: பிள்ளை, கார் இருக்கோ? டார்வினும் அடிலெய்டும் ஒவ்வொண்டும் ஏறத்தாழ 1500 கிலோமீட்டர். பொழுதுபட்டால் ஓடாதீங்கோ, கங்காருவும் மாடும் ரோட்டில நிக்கும். பல ட்ரெய்லரை இழுக்கிற லொறியைத்தான் ரோட் ட்ரெயின் எண்டுறது, அது 53 மீட்டர் வரை நீளும், முந்துறதெண்டால் வடிவா வெளி பார்த்து முந்துங்கோ. ஊரைவிட்டு வெளிக்கிட்டால் ஆளுக்கு நாளுக்கு 5 லீட்டர் தண்ணி வேணும். வண்டி நிண்டால் அதைவிட்டு நடக்கக் கூடாது. தேடுறவைக்கு வண்டிதான் முதல்ல தெரியும்.

ராஜி_அக்கா: காய்கறி விலையையும் சொல்லுங்க. 2022 ஜனவரியில வெள்ளத்துல ரயில் பாதை அறுந்து கடை அலமாரியெல்லாம் காலி. விமான டிக்கெட்டோ கேக்கவே வேணாம். என்ன ஊரோ!

தேவி_நர்ஸ்: செல்வி கேட்டது இது எதுவும் இல்லை.

செல்வி, அந்தப் பேர்ல, இல்லை அதுமாதிரி ஒலிக்கிற பேர்ல, யாரோ சமீபத்துல இறந்திருக்கணும். இறந்தவர் பேரைச் சொல்றது இங்க பழங்குடிக் குடும்பத்தை நோகடிக்கும். எவ்வளவு காலம் சொல்லக் கூடாதுன்னு குடும்பம்தான் முடிவு பண்ணும். அதே பேர்ல உயிரோட இருக்கிறவங்களைக்கூட அதுவரை குமன்ஜாயிங்கிற மாற்றுப் பேர்ல கூப்பிடுவாங்க. தெற்கே பிட்ஜன்ஜட்ஜாரா மக்கள்கிட்ட அது குன்மனாரா. உனக்குத் தெரிய வழியில்லை, ஆனா இனிமே தெரிஞ்சிருக்கணும்.

மீட்டிங்குக்கு முன்னாடியே கிளினிக்ல இருக்கிற பழங்குடி லையசன் ஆபிசரை, அதாவது பழங்குடி மக்களுக்கும் கிளினிக்குக்கும் நடுவுல பேசி உதவுறவரைப் பாரு. எந்தக் குடும்பம், இப்போ என்ன பேர்ல கூப்பிடணும்னு கேட்டு, கம்ப்யூட்டர்ல விருப்பப் பெயர்ங்கிற இடத்துல பதிவு பண்ணு. பாட்டிகிட்ட நேராப் போய் நிக்காதே, மன்னிப்பு அந்த ஆபிசர் வழியா போகட்டும். மேனேஜர்கிட்ட நடந்ததையும் இந்த ஏற்பாட்டையும் சொல்லு. இனி ஹால்ல கத்திக் கூப்பிடாம கிட்டப் போய் மெதுவா பேசு.

ஊர் அரெர்ன்டே பழங்குடி மக்களோட மண், அவங்க மொழியில இதோட பேர் ம்பார்ன்ட்வே. ஆனா உன் ஹால்ல வார்ல்பிரி, லுரிட்ஜா, பிட்ஜன்ஜட்ஜாரா பேசுறவங்களும் இருப்பாங்க. பலருக்கு இங்கிலீஷ் மூணாவது, நாலாவது மொழி. பதில் வர நேரமானா கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேக்காதே, காத்திரு. கண்ணைப் பார்க்கலைன்னா கோபம்னு எடுத்துக்காதே, அது மரியாதை. பேச்சை முடிக்கிறதுக்காகவே 'யெஸ்' சொல்றவங்க உண்டு. அதனால கையெழுத்து வாங்கறதுக்கு முன்னாடி மொழிபெயர்ப்பாளரை வரவழை.

இவங்க வழக்கப்படி மாமியாரும் மருமகனும் ஒரே அறையில உட்கார மாட்டாங்க. யாராவது வாசல்லயே தயங்கினா வேற இடம் காட்டு. துக்கத்துக்குப் போனவங்க அப்பாயின்ட்மெண்ட் தவறினா 'வரலை'ன்னு மூடிடாம வேற தேதி போடு. இதுல மருந்து விட்டுப்போய்தான் நிறைய பேருக்கு உடம்பு மோசமாகுது.

செல்வி_எம்: அக்கா, கூரைப் பெட்டிதான், ஜன்னல் எல்லாம் மூடித்தான் இருந்துச்சு. அந்தப் பேர் வியாழக்கிழமை லிஸ்ட்லயும் இருக்கு.

தேவி_நர்ஸ்: அப்போ அதைத்தான் காலைல முதல்ல மாத்தணும். வியாழக்கிழமை டியூட்டில இருக்கிறவங்களுக்கும் சொல்லிடு.