நியர் மிஸ்: 'பிழை' இல்லாத ஒரு சொல் வேண்டும்

கோத்தகிரியிலிருந்து (செவிலியர் பயிற்சி):

அனைவருக்கும் வணக்கம். செப்டம்பர் 17 உலக நோயாளர் பாதுகாப்பு நாள். அதற்குள் ஒரு படிவத்தைத் தமிழில் அச்சடித்து எல்லா வார்டிலும் வைக்க வேண்டும், அச்சகத்துக்கு வெள்ளிக்கிழமை கொடுத்தாக வேண்டும். உள்ளே எல்லாம் முடிந்தது, தலைப்பில்தான் நிற்கிறேன். 'நியர் மிஸ்', அதாவது நோயாளிக்குத் தீங்கு வரும் முன் தடுத்துவிட்ட தவறு, என்பதற்குத் தமிழில் என்ன எழுதலாம்?

நடந்ததைச் சொன்னால் புரியும். போன மழையில் ஒரே ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) ஒரே பெயரில் இரண்டு பெரியவர்கள் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவருக்குச் சர்க்கரை, மற்றவருக்கு இல்லை. கூரை ஒழுகியதால் கட்டில்களை மாற்றிப் போட்டிருந்தோம். இரவு டூட்டியில் இருந்த பெண் இன்சுலினை எடுத்துக்கொண்டு போய்ப் பெயரைக் கேட்டாள், அவரும் 'ஆமாம்மா' என்றார். கையில் கட்டியிருந்த பட்டையில் எண்ணையும் பார்த்ததால் ஊசி போடாமல் நிறுத்தினாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இதை அவள் எழுதித் தந்தால்தான், கட்டில் எண்ணை நம்பாதே, பெயரோடு பட்டை எண்ணையும் பார் என்று அடுத்த வார்டுக்குச் சொல்ல முடியும். படிவத்தின் தலையில் 'பிழை' என்று இருந்தால் ஒருவரும் தொட மாட்டார்கள். ஆயாம்மாக்களுக்கும் புரிய வேண்டும், பலர் வீட்டில் படுக மொழி பேசுகிறவர்கள்.

உதகையிலிருந்து (ஓய்வுபெற்ற தமிழாசிரியர்):

அம்மா, பிழையை அவசரப்பட்டுத் தள்ளிவிடாதீர்கள். 'கான முயலெய்த அம்பினில் யானை பிழைத்தவேல் ஏந்தல் இனிது' என்ற குறளில் பிழைத்த என்றால் குறி தப்பிய என்று பொருள். நீங்கள் தேடும் 'மிஸ்' அங்கேயே இருக்கிறது. பிழைத்தான் என்றால் தவறினான், உயிரோடு மீண்டான், இரண்டும்தான். தப்பும் அப்படியே. குற்றமும் தப்பு, மீள்வதும் தப்புவது. வழுவை எடுத்துக்கொள்ளுங்கள், பிழை என்று பொருள், வழுக்கு அதன் உறவு. குற்றம் என்னும் இழுக்கும் வழுக்கல் என்னும் இழுக்கலும் அதே போலத்தான், வழுக்கும் நிலத்துக்கு ஊற்றுக்கோல் என்று வள்ளுவர் சொன்னது ஜூலை மாதத்துத் தேயிலைச் சரிவில் நடந்தவருக்கு உரையே இல்லாமல் விளங்கும். நன்னூலின் ஏழு வழுவில் இட வழுவும் கால வழுவும் உண்டே, வலக்காலுக்குப் பதில் இடக்காலைத் திறப்பது இட வழு, காலை மருந்தை இரவில் கொடுப்பது கால வழு என்று உங்கள் படிவத்தையே பிரித்துவிடலாம். என் பரிந்துரை 'வழுத்தப்பு', வழுவிலிருந்து தப்பியது.

குன்னூரிலிருந்து (மயக்க மருத்துவர்):

ஐயா, படிக்க இன்பமாக இருந்தது. ஆனால் வழுத்தப்பு என்று எழுதினால் வார்டில் 'தப்பு' மட்டும்தான் காதில் விழும். விமானிகளுக்கு அமெரிக்காவில் 1976இல் இப்படி ஓர் ஏற்பாடு தொடங்கியபோது, தண்டிக்கும் அதிகாரம் உள்ள துறையிடம் விடாமல் நாசாவிடம் கொடுத்தார்கள். பயமில்லாமல் எழுதட்டும் என்றுதான். சொல்லிலும் குற்றம் ஒட்டக்கூடாது. கல்லட்டி மலைப்பாதையின் 36 வளைவுகளில் ஒன்றில் வண்டி உரசாமல் தப்பிய டிரைவர் கீழே வந்ததும் 'அந்த வளைவில் மண் சரிந்திருக்கு, பார்த்துப் போ' என்பார், யாரும் அவரைத் திட்டுவதில்லை. நான் 'நூலிழை' என்பேன்.

கோத்தகிரி:

டாக்டர், நூலிழை அழகு. ஆனால் ஆபரேஷன் தியேட்டரில் நூல் என்றால் தையல்தான். உலக சுகாதார நிறுவனம் 2008இல் தந்த சரிபார்ப்புப் பட்டியலில் மூன்று இடத்தில் நின்று பார்க்கச் சொல்கிறார்கள்: மயக்கம் கொடுக்கும் முன், கத்தி வைக்கும் முன், நோயாளி வெளியே போகும் முன். மூன்றாவதில் ஊசியும் பஞ்சும் எண்ணிக்கொண்டிருக்கும்போது 'நூலிழை இருக்கா?' என்று கேட்டால் குழப்பம் வரும்.

கூடலூரிலிருந்து (மருந்தாளுநர்):

அக்கா, நம் ஊரில் இதற்குப் பழமொழியே இருக்கிறது, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. தலைப்புக்கு நீளம், சரி. ஒரே மாதிரி அட்டை, ஒரே மாதிரி பெயர் உள்ள மருந்தை மாற்றி எடுத்து, கொடுப்பதற்கு முன் பார்த்துவிட்டால் என் வாயில் முதலில் வருவது 'நல்லவேளை!' அதையே வைத்தால் என்ன? நல்லவேளைப் படிவம்.

உதகை:

இதை என்னால் ஏற்க முடியவில்லை, தம்பி. வேளை என்றால் அதிர்ஷ்டம். அந்தப் பெண் பட்டையைப் பார்த்தது வேளை நல்லதாக இருந்ததாலா? மருந்தின் நாலு கூறில் 'உழைச்செல்வான்' என்று வள்ளுவர் அருகிருந்து கவனிப்பவருக்குத் தனி இடமே கொடுத்திருக்கிறார். அவள் கவனத்தை நீங்கள் நேரத்தின் கணக்கில் எழுதுகிறீர்கள்.

கோத்தகிரி:

ஐயா சொன்னது உறைத்தது, இரண்டு நாள் அதையே யோசித்தேன். வழுத்தப்பு, நூலிழை, நல்லவேளை மூன்றையும் தாளில் எழுதி இரவு டூட்டிக்காரர்களிடம் காட்டினேன். நல்லவேளையைப் பார்த்ததும் ஒரு ஆயாம்மா, ஈரத் தரையில் விழப்போன பாட்டியைப் பிடித்ததை அவராகவே சொல்ல ஆரம்பித்தார். மற்ற இரண்டுக்கும் அர்த்தம் கேட்டார்கள். அதனால் நல்லவேளை என்றே அச்சுக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குக் கீழே முதல் கேள்வியாக 'யார் கவனித்தார்கள், எதைப் பார்த்து நிறுத்தினார்கள்?' என்று சேர்த்திருக்கிறேன்.

உதகை:

கேள்வி நன்று. தலைப்பில் எனக்கு இன்னும் உடன்பாடில்லை. மறு அச்சு எப்போது என்று சொல்லுங்கள், அதற்குள் வேறு சொல் அனுப்புகிறேன்.