மாருதி 800 (1994, கார்ப்ரேட்டர்): ஐடிலிங்கில் மிஸ் அடிக்குது, ரேஸ் கொடுத்தால் சரியாகுது

கேள்வி – பழைய800:
வண்டி 1994 மாடல், பாயிண்ட் செட் இக்னிஷன். காலையில் ஸ்டார்ட் ஆனதும் முதல் மூன்று நான்கு நிமிடம் வண்டியே ஆடுகிறது. சைலன்சரில் "புஸ்... புஸ்" என்று ஒழுங்கான இடைவெளியில் ஒரு தடுமாற்றம் (மிஸ்). சூடேறியதும் குறைகிறது, ஆனால் முழுசாகப் போகவில்லை. சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது. 40 தாண்டிவிட்டால் ஒன்றுமே தெரியவில்லை, பிக்கப்பும் பரவாயில்லை. பிளக் மூன்று, சிபி பாயிண்ட், கன்டென்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் கேப் எல்லாம் புதுசு. கார்ப்ரேட்டர் கழற்றி சர்வீஸ் செய்தாச்சு. சோக்கில்தான் கோளாறு, கார்ப்ரேட்டரையே மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றுவதா?

பதில் 1 – ஸ்பானர்செட்:
மாற்றாதீங்க. எந்த சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று தெரியாமல் இன்னொரு பைசா செலவழிக்க வேண்டாம்.

எஞ்சின் ஐடிலிங்கில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல்) ஓடும்போது டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பிலிருந்து பிளக் வயரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்க. வெறும் கையால் வேண்டாம், ரப்பர் பிடி போட்ட பிளையர் வைத்துப் பிடிங்க. கழற்றும் வயருக்குப் பதில் ஒரு துண்டு வயரால் கேப்பின் அந்த டவரை பாடியில் எர்த் செய்துவிடுங்க. கரண்ட் போக வழி இல்லாமல் விட்டால் அது காயிலையும் ரோட்டரையும்தான் துளைக்கும். நல்ல சிலிண்டரின் வயரை எடுத்ததும் எஞ்சின் சட்டென்று இறங்கி அணையப் பார்க்கும். எதை எடுத்தால் எதுவுமே மாறவில்லையோ, அதுதான் செத்த சிலிண்டர். டைமிங் பெல்ட் பக்கம் 1, கியர்பாக்ஸ் பக்கம் 3. ஃபயரிங் ஆர்டர் 1-3-2. புது கேப் போட்டபோது 2-ஐயும் 3-ஐயும் மாற்றிச் செருகியிருந்தால் வண்டி இவ்வளவுகூட ஓடாது, ஆனாலும் ஒரு தடவை பார்த்துக்கோங்க.

மூன்றிலுமே கொஞ்சம் கொஞ்சம் இறங்குகிறது, தடுமாற்றமும் ஒழுங்கில்லாமல் இருக்கிறது என்றால் கோளாறு மூன்றுக்கும் பொதுவான இடத்தில்: காயில், பாயிண்ட் இடைவெளி (0.4 – 0.5 மி.மீ.), டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்ட் புஷ் தேய்மானம், கார்ப்ரேட்டர். ரோட்டரைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்க. லொடலொட என்றால் புது பாயிண்ட் போட்டும் பலனில்லை, ஒவ்வொரு சுற்றிலும் பாயிண்ட் இடைவெளி மாறிக்கொண்டே இருக்கும்.

பதில் 2 – வாக்யூம்கேஜ்:
ஐடிலிங்கில் மட்டும் மிஸ், ரேஸில் சரி என்றால் ஏர் இழுக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், உள்ளே போகும் காற்றே கொஞ்சம். அதில் ஒரு 2 மி.மீ. ஓட்டை வழியாகக் கூடுதல் காற்று நுழைந்தாலே கலவை நீர்த்துப்போகும் (காற்றுக்குப் பெட்ரோல் போதாது). த்ராட்டில் திறந்ததும் அந்த ஓட்டை ஒரு பொருட்டே இல்லை. பிளக் வயர், காயில் கோளாறு பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடக்கும்: ஐடிலிங் நன்றாக இருக்கும், மேட்டில் டாப் கியரில் ஆக்சிலரேட்டர் மிதித்தால் குலுக்கும். லோடு ஏறினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பலவீனமான ஸ்பார்க்கால் அங்கே தாண்ட முடியாது.

பார்க்க வேண்டிய இடங்கள்: கார்ப்ரேட்டருக்கு அடியில் இருக்கும் கருப்பு பேக்கலைட் பிளாக்கும் அதன் இரண்டு பக்க பேக்கிங்கும் (நட்டை அளவுக்கு மேல் இறுக்கி இறுக்கி பிளாக் வளைந்திருக்கும்), மேனிஃபோல்டு பேக்கிங், டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்யூம் டியூப், பிசிவி டியூப் (எஞ்சின் உள்புகையை மேனிஃபோல்டுக்குக் கொண்டுபோவது), பிரேக் பூஸ்டர் இருக்கிற வண்டி என்றால் அதன் ஹோஸ். டியூபின் நடுப்பகுதி நன்றாகவே இருக்கும், நுனியில் 1 செ.மீ. வெடித்திருக்கும். வெடித்த நுனியை வெட்டிவிட்டு மறுபடி செருகினாலே போதும்.

கார்ப் கிளீனரை ஒவ்வொரு இடத்திலும் அரை விநாடி மட்டும் அடிங்க. ஆர்பிஎம் மாறினால் அங்கேதான் லீக். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மேலேயோ, ஸ்பார்க் தெறிக்கிற வயர் பக்கமோ அடித்தால் தீப்பிடிக்கும். எஞ்சின் ஓரளவு ஆறியிருக்கும்போது, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு செய்யுங்க.

பதில் 3 – நால்ரோடு:
இ20 பெட்ரோல் (20% எத்தனால் கலந்தது) வந்ததிலிருந்து எல்லாப் பழைய வண்டியிலும் இதே கதைதான் சார். கார்ப்ரேட்டர் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ரிச் (பெட்ரோல் கூடுதலாக) பண்ணுங்க, சரியாகிவிடும்.

பதில் 4 – ஸ்பானர்செட்:
இ20 கலவையை நீர்க்க வைக்கும் என்பது உண்மை. சாதாரண பெட்ரோலுக்கு 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று, இ20-க்கு சுமார் 13.5 போதும். பழைய ஜெட் அதே பழைய அளவில்தான் ஊற்றும். ஆனால் பெட்ரோல் மூன்று சிலிண்டருக்கும் ஒன்றுதானே? இவர் சொல்வது ஒழுங்கான இடைவெளியில் வரும் தடுமாற்றம், அது ஒற்றைச் சிலிண்டர் மாதிரி இருக்கிறது. ஸ்க்ரூவைத் திருகினால் கோளாறு மறையும், தீராது. இ20-க்காகப் பார்க்க வேண்டியது வேறு: பழைய ரப்பர் பெட்ரோல் ஹோஸ், பம்ப் டயஃப்ரம் ஊறி இளகிப்போகும். அதைத் தனியாகக் கவனிக்கலாம்.

கேள்வியாளர் – பழைய800:
வயர் கழற்றிப் பார்த்தேன். 1, 2 எடுத்தால் அணையப் பார்க்கிறது. ஆறிய எஞ்சினில் 3-ஐ எடுத்தால் எந்த மாற்றமும் இல்லை. சூடான பிறகு 3-ஐ எடுத்தால் லேசாக இறங்குகிறது. 3-இன் பிளக்கையும் வயரையும் 1-க்கு மாற்றினேன், அப்போதும் 3-தான். ஸ்ப்ரே அடித்ததில் எங்கும் மாற்றம் இல்லை.

பதில் 5 – ஸ்பானர்செட்:
அப்படியானால் கோளாறு ஸ்பார்க்கிலும் இல்லை, ஏர் லீக்கிலும் இல்லை. மிச்சம் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் பிஸ்டன் ஏற்றும் அழுத்தம்). மூன்று பிளக்கையும் கழற்றி, காயிலின் லோ டென்ஷன் வயரையும் எடுத்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தபடி ஒவ்வொரு சிலிண்டரிலும் பிஸ்டன் 5 – 6 தடவை அழுத்தும் வரை ஸ்டார்ட்டரால் சுற்றவிட்டுக் கம்ப்ரஷன் கேஜ் பாருங்க. ஆறிய நிலையிலும் சூட்டிலும் இரண்டு தடவை எடுங்க. மூன்றுக்கும் இடையே வித்தியாசம் 1 கிலோவுக்கு (கி.கி./ச.செ.மீ.) மேல் போகக்கூடாது. குறைவாக வரும் சிலிண்டரில் ஒரு டீஸ்பூன் (5 மி.லி.) எஞ்சின் ஆயில் விட்டு மறுபடி பாருங்க. ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

கேள்வியாளர் – பழைய800:
ஆறிய நிலையில் 11.5, 11.5, 7.5. சூட்டில் 12, 12, 9.5. ஆயில் விட்டதும் 3-இல் 7.5 என்பது 8 ஆனது, அவ்வளவுதான்.

பதில் 6 – டேப்பட்கேப்:
3-ஆவது சிலிண்டரில் டேப்பட் டைட், அதாவது வால்வை அமுக்கும் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே இருக்க வேண்டிய இடைவெளி (கேப்) இல்லை. எக்ஸாஸ்ட் வால்வாகத்தான் இருக்கும். சூட்டில் நம்பர் ஏறுகிறதே, அதுதான் சாட்சி.

சூட்டில் டேப்பட் டைட்டாகும் என்றுதான் பலரும் சொல்வார்கள். இந்த எஞ்சினில் தலைகீழ். ஹெட் அலுமினியம், மேலேயே கேம். சூடேறினால் ஹெட் வால்வைவிட அதிகம் விரியும், கேப் கூடும். அதனால்தான் ஆறிய நிலையில் 0.15, சூட்டில் 0.25 மி.மீ. என்று இரண்டு அளவு. காலையில் ஸ்டார்ட் செய்த முதல் சில நிமிடம் இதைவிட மோசம்: எக்ஸாஸ்ட் வால்வு ஒரே நிமிடத்தில் சூடாகி நீளும், ஹெட் இன்னும் ஜில்லென்று இருக்கும். ஏற்கெனவே கேப் இல்லாத வால்வு சீட்டில் (மூடும்போது அது பொருந்தும் வளையத்தில்) உட்காரவே உட்காராது. ரேஸில் தெரியாததற்குக் காரணம் நேரம். மெதுவாகச் சுற்றும்போது அந்த மெல்லிய இடுக்கு வழியாக அழுத்தம் கசிய நிறைய நேரம் கிடைக்கிறது, 3000 ஆர்பிஎம்மில் கிடைப்பதில்லை.

இன்னொன்று, கேப் கூடிப்போன டேப்பட் டக் டக் என்று சத்தம் போடும், எல்லாரும் ஓடிவந்து பார்ப்பார்கள். கேப் இல்லாத டேப்பட் சத்தமே போடாது. வால்வு சூட்டை இறக்கிவைப்பது சீட்டில் உட்காரும் நேரத்தில்தான். உட்காராவிட்டால் ஓரம் எரியும். சைலன்சர் வாயில் ஒரு காகிதத் துண்டைப் பிடித்துப் பாருங்க. வெளியே தள்ளிக்கொண்டே இருக்க வேண்டியது, நடுநடுவே உள்ளே உறிஞ்சினால் எரியத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கலாம்.

செட் செய்வது ராத்திரி முழுக்க ஆறிய எஞ்சினில். டேப்பட் கவரைக் கழற்றி, பிளக் எடுத்த நிலையில் கிராங்க் புல்லி போல்ட்டை ஸ்பானரால் ஓட்டத் திசையிலேயே திருப்பி 1-ஆவது சிலிண்டரைக் கம்ப்ரஷன் டிடிசி-க்கு (அழுத்தும் அடியில் பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலைக்கு) கொண்டுவாங்க. அந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கரும் தளர்வாக இருக்க வேண்டும், இல்லையென்றால் இன்னொரு முழுச் சுற்று. அதை முடித்ததும் கிராங்கை 240 டிகிரி திருப்பினால் 3, இன்னொரு 240 திருப்பினால் 2. லாக் நட்டைத் தளர்த்தி, 0.15 ஃபீலர் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) லேசான பிடிப்போடு நழுவும் வரை ஸ்க்ரூவைத் திருகி, ஸ்க்ரூ டிரைவரால் அசையாமல் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்குங்க. இறுக்கும்போது கேப் மாறும், அதனால் இறுக்கிய பிறகு கட்டாயம் மறுபடி ஃபீலர் போட வேண்டும். 3-இல் கேப் எவ்வளவு இருந்தது என்று தளர்த்துவதற்கு முன்பே அளந்து எழுதி வையுங்க.

கேள்வியாளர் – பழைய800:
3-இல் எக்ஸாஸ்டுக்கு 0.05 ஃபீலர்கூட நுழையவில்லை. மற்ற எல்லாம் 0.13 முதல் 0.20 வரை. செட் செய்த பிறகு ஆறிய நிலையில் 10.8 வருகிறது. ஆட்டம் நின்றுவிட்டது. காகிதத்தை உறிஞ்சவில்லை.

பதில் 7 – டேப்பட்கேப்:
10.8 போதும், ஹெட் இறக்க வேண்டாம். இப்போது கார்ப்ரேட்டரைச் செட் செய்யுங்க, முன்பு மிஸ்ஸை மறைக்க யாராவது ஐடிலிங்கை ஏற்றிவைத்திருப்பார்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பின், ஆர்பிஎம் உச்சத்துக்குப் போகும் வரை மிக்ஸர் ஸ்க்ரூவைக் கால் சுற்று கால் சுற்றாகத் திருப்பி, பிறகு ஐடில் ஸ்க்ரூவால் 900 பக்கம் இறக்குங்க.

1000 கி.மீ. ஓட்டியதும் ஆறிய எஞ்சினில் 3-ஆவது எக்ஸாஸ்டை மட்டும் ஃபீலர் போட்டுப் பாருங்க. 0.15 அப்படியே நின்றால் முன்பு யாரோ தப்பாக இறுக்கியது, இனி 10,000 கி.மீ.க்கு ஒரு தடவை பார்த்தால் போதும். 0.10-க்குக் கீழே இறங்கியிருந்தால் வால்வு சீட்டுக்குள் அமிழ்ந்துகொண்டிருக்கிறது. அப்போது ஹெட்டை இறக்கி, சீட் கட்டிங்கும் வால்வு லேப்பிங்கும் செய்ய வேண்டிவரும்.