தனுஷ்கோடிக் கரையில் கிடைத்த மிதக்கும் கல் எந்த வகை?

தங்கச்சிமடத்துக்காரி:
அரிச்சல்முனைக்குப் போகும் வழியில் கடலோரமாக ஒரு சாம்பல் நிறக் கல் கிடைத்தது. உள்ளங்கை அகலம், எடையே இல்லை, வாளியில் போட்டால் மிதக்கிறது. ராமேசுவரத்தில் தொட்டியில் மிதக்கவிட்டுக் காட்டுகிறார்களே, அதே இனமா? மேல்தோல் மட்டும் மஞ்சளாகி, நகம் பட்டால் உதிர்கிறது. மாமியார் அதைப் பூஜை அறையில் வைத்துவிட்டார்.

பாம்பன்காரன்:
ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். பொங்கினால் பவளம். காய்ந்த பவளத்திலும் சில துண்டுகள் மிதக்கும். பவளம் என்றால் வீட்டில் வைக்காதீர்கள், வனவிலங்குச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

தங்கச்சிமடத்துக்காரி:
விட்டுப் பார்த்தேன். பொங்கவில்லை.

பழைய நிலவியல் வாத்தியார்:
அப்படியானால் நுரைக்கல், அம்மா. எரிமலை கக்கிய தீப்பாறை. நம் கரையில் இருப்பது சுண்ணாம்புப் பாறையும் மணலும்தான். இது கடல்வழி வந்த விருந்தாளி.

சிலிக்கா (மணலில் இருக்கும் அதே பொருள்) மிகுந்த மாக்மா, அதாவது பூமிக்கடியில் உருகிய பாறைக் குழம்பு, மேலே ஏறும்போது அழுத்தம் குறைகிறது. அதில் கரைந்திருந்த நீர், மூடி திறந்த சோடாவில் வாயு கிளம்புவதைப் போல, ஆவியாகப் பிரிந்து குமிழிடும். இந்தக் குழம்பு இளகி ஓடாமல் கெட்டியாக இருக்கும், ஆகவே குமிழிகள் வெளியேற வழியில்லை. படிகம் வளர நேரம் தராமல் சட்டென்று இறுகிவிடுவதால் கல்லின் பெரும்பகுதி வெறும் கண்ணாடி. பூதக்கண்ணாடியில் பாருங்கள்: வெள்ளையாக பெல்ஸ்பார், கருமையாகப் பைராக்சீன் என்ற கனிமப் படிகங்கள் புள்ளி புள்ளியாகத் தெரியலாம். அவை வெடிப்புக்கு முன்பே ஆழத்தில் நிதானமாக வளர்ந்தவை.

அந்தமானின் பாரன் தீவு எரிமலை அருகில்தான். ஆனால் அது கக்குவது பசால்ட் என்ற, சிலிக்கா குறைந்த எரிமலைப் பாறை. குழம்பு இளகலாக ஓடும், வாயு எளிதில் தப்பிவிடும், அதன் கசடுக் கற்கள் பெரும்பாலும் மூழ்கும். என் சந்தேகம் இந்தோனேசியா மீதுதான். 1883 ஆகஸ்டில் அங்குள்ள கிரகடோவா எரிமலை வெடித்தபோது நுரைக்கற்கள் கூட்டமாக இந்தியப் பெருங்கடலைக் கடந்து ஆப்பிரிக்கக் கரை வரை போயின.

மஞ்சள் தோலுக்குக் காரணம் சிதைவு. எரிமலைக் கண்ணாடி நிலையற்றது: நீரை உள்ளே இழுக்கும், சோடியத்தை இழக்கும், அதிலுள்ள இரும்பு துருவேறும், நாளடைவில் களிமண் கனிமமாகும். துளைகளில் உப்பு படிகமாவதும் தோலை உதிர்க்கும்.

தங்கச்சிமடத்துக்காரி:
நன்றி ஐயா. மாமியார் தினமும் பாலாபிஷேகம் செய்கிறார். கரைந்துவிடுமா?

பழைய நிலவியல் வாத்தியார்:
உங்கள் பேரன் காலத்திலும் கரையாது. ஆனால் துளைகளில் பால் தங்கிப் புளித்து நாறும். நல்ல தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். வாளியிலேயே ஊறப்போட்டால் மட்டும் ஒருநாள் நீர் ஏறி மூழ்கிவிடும். பதறவேண்டாம் என்று முன்பே சொல்லிவையுங்கள்.