வெட்டவெளியில் நிற்கும் கருநீலக் கார்: கார்னௌபா வாக்ஸா, சிந்தெடிக் வாக்ஸா?

அடையாறு நீலம்

வணக்கம். என் கார் கருநீல மெட்டாலிக், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. பெசன்ட் நகரில் வாடகை வீடு, மேற்கூரை உள்ள பார்க்கிங் இல்லை. பகல் முழுக்க வெயில், பாதி காரின் மேல் வேப்பமரம், அதில் காக்கைகள், கூடவே கடல் காற்று. கழுவுவது அபார்ட்மென்ட் போர் தண்ணீரில். அந்தத் தண்ணீர் காய்ந்தால் பக்கெட் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். டப்பாவில் வரும் பேஸ்ட் வாக்ஸ் ஒன்று வாங்கி நானே போட்டுக்கொள்ள நினைக்கிறேன். இயற்கை கார்னௌபாதான் நல்லது என்று சிலரும், சிந்தெடிக்தான் நிற்கும் என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையை இதற்கு ஒதுக்க முடியும், அதற்கு மேல் முடியாது. எதை வாங்கலாம்?

மெழுகுப்பிரியன்

கருநீலம் என்றால் யோசிக்கவே வேண்டாம், கார்னௌபா. பிரேசிலின் வடகிழக்கில் சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனை வகையின் ஓலையிலிருந்து எடுக்கும் மெழுகு அது. அங்கே மாதக்கணக்கில் மழை இருக்காது. ஓலையின் ஈரம் வெயிலில் போய்விடாமல் இருக்க அந்த மரமே பூசிக்கொள்ளும் பூச்சு. ஓலையை வெட்டி, காயவைத்து, தட்டினால் தூளாக உதிரும். இயற்கை மெழுகுகளில் இதுதான் மிகக் கடினம், 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். நம் ஊர் வெயிலைத் தாங்க இதைவிட என்ன வேண்டும்?

அப்புறம் அந்த நிறம். நல்ல கார்னௌபா போட்ட கருநீல பானெட்டை சாயங்கால வெளிச்சத்தில் பாருங்கள், பெயின்ட்டுக்கு ஆழம் வந்ததுபோல் இருக்கும். சிந்தெடிக் போட்டால் கண்ணாடிப் பளபளப்பு மட்டும்தான் கிடைக்கும். வெள்ளைக் காருக்கும் சில்வர் காருக்கும் அது பொருந்தும், உங்கள் நிறத்துக்குப் பொருந்தாது.

உப்புக்காற்று

தூத்துக்குடியிலிருந்து எழுதுகிறேன், என் காரும் கடற்கரை ஓரம் வெளியில்தான் நிற்கிறது. மெழுகுப்பிரியன் சார் சொன்ன 82 முதல் 86 டிகிரி என்பது சுத்தமான கார்னௌபா கட்டிக்குத்தான். அந்தக் கட்டியை யாராலும் காரில் தேய்க்க முடியாது, அவ்வளவு கடினம். அதனால் டப்பாவில் வருவது எல்லாமே கலவை. பெட்ரோலியக் கரைப்பான், எண்ணெய், பாரஃபின், சிலதில் தேன்மெழுகு. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரியிலேயே உருகும். மே மாத மத்தியானம் கருநீல பானெட்டின் மேல் கை வைத்துப் பாருங்கள், ஒரு நொடி தாங்காது. அந்தச் சூட்டில் கலவை இளகும், இளகிய மெழுகில் தூசி ஒட்டும்.

அவர் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் போட முடியும் என்கிறார். பொதுவாக கார்னௌபா பேஸ்ட் நாலு வாரத்திலிருந்து எட்டு வாரம் வரை நிற்கும். அதுவும் நிழலில் நிறுத்தி, மென்மையான ஷாம்பு போட்டுக் கழுவினால். வெட்டவெளியில் எட்டாவது வாரம் அவர் காரில் மெழுகே இருக்காது. பாலிமர் சேர்ந்த சிந்தெடிக் பேஸ்ட் என்றால் மூன்று மாதத்துக்குக் குறையாமல் வரும். காலினைட் 476எஸ், ஃபினிஷ் கேர் 1000பி, சாஃப்ட்99 ஃபுசோ கோட், இந்த மூன்றில் கிடைப்பதை வாங்குங்கள். 476எஸ்-இல் கார்னௌபாவும் கலந்திருக்கிறது, உங்கள் நிறத்துக்கு அதுவே போதும்.

மெழுகுப்பிரியன்

சூட்டில் உருகி ஓடுகிறது என்ற பேச்சை நான் ஏற்கவே மாட்டேன். பேஸ்ட் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் காயவிடுகிறோமே, அந்த நேரத்தில்தான் கரைப்பான் ஆவியாகிறது. துடைத்து எடுத்த பிறகு பெயின்ட்டில் மிஞ்சுவது பெரும்பாலும் மெழுகுதான். மெழுகு காணாமல் போவதற்குக் காரணம் வெயிலைவிட நம் கைதான். பாத்திரம் தேய்க்கும் லிக்விடை விட்டுக் கார் கழுவுகிறவர்கள் எத்தனை பேர்! எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கச் செய்த சோப்பு, மெழுகை மட்டும் விட்டுவைக்குமா? கார் ஷாம்பு போட்டுக் கழுவுங்கள், கார்னௌபா நிற்கும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். டப்பாவில் டெஃப்லான் என்று எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள். டெஃப்லானின் வேதிப்பெயர் பி.டி.எஃப்.இ., அது 327 டிகிரியில்தான் உருகும். தோசைக்கல்லில் அதை ஒட்டவைக்க உலையில் சுடுகிறார்கள். காரின் மேல் பஞ்சால் தேய்த்து அதே வேலையைச் செய்ய முடியாது.

உப்புக்காற்று

டெஃப்லான் விஷயத்தில் நானும் உங்கள் பக்கம்தான். புதுக் கார் எடுக்கும்போது டெஃப்லான் கோட்டிங் என்று ஒரு ஷோரூமில் என்னிடம் ஆயிரக்கணக்கில் வாங்கினார்கள். முதல் மழைக்காலம் தாண்டவில்லை. ஆனால் நான் சொன்ன டப்பாக்களை அந்த ஒரு சொல்லுக்காக யாரும் வாங்குவதில்லை. உப்பும் வெயிலும் சேர்ந்து அடிக்கும் ஊரில் மாதக்கணக்கில் தண்ணீர் ஒட்டாமல் நிற்கிறது, அதற்காகத்தான் வாங்குகிறார்கள்.

கோவைப் பட்டறை

கார் டீட்டெயிலிங் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு பேரும் கடைசி வேலையைப் பற்றியே சண்டை போடுகிறீர்கள், முதல் வேலையைத் தம்பிக்கு யாரும் சொல்லவில்லை.

தம்பி, காரை நன்றாகக் கழுவிக் காயவைத்த பிறகு விரலில் ஒரு மெல்லிய பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு பானெட்டைத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெரியும். பிரேக் துகள், ரயில் பாதைப் பக்கம் பறக்கும் இரும்புத் தூள், மரப் பிசின் எல்லாம் பெயின்ட்டில் குத்தி உட்கார்ந்திருக்கும். க்ளே பார் என்று கட்டியாக விற்கிறார்கள். கட்டி வழுக்கி ஓடுவதற்கான லூப்ரிகன்ட் திரவத்தை அடித்து, அதை அழுத்தாமல் ஓட்டினால் அத்தனையும் வந்துவிடும். கட்டி கீழே விழுந்தால் எடுத்து மறுபடி தேய்க்காதீர்கள், குப்பையில் போடுங்கள். இதைச் செய்யாமல் எந்த வாக்ஸ் போட்டாலும் அழுக்கின் மேல்தான் பூசுகிறீர்கள்.

டப்பாவில் கிளீனர் வாக்ஸ் என்றோ, கீறல் நீக்கும் என்றோ எழுதியிருந்தால் உள்ளே அரம் மாதிரித் தேய்க்கும் பொருள் இருக்கிறது என்று அர்த்தம். இப்போதைய கார்களில் நிறத்துக்கு மேல் இருக்கும் கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அதைச் சுரண்டிக்கொண்டே இருந்தால் என்ன மிஞ்சும்? வருடத்துக்கு ஒருமுறை பாலிஷ், மற்ற நேரம் அரைக்கும் பொருள் கலக்காத வாக்ஸ், அவ்வளவுதான். துணியில் கார் நிறம் ஏறுவது அம்பாசிடர் மாதிரி பழைய பெயின்ட்டில் சகஜம். உங்கள் மெட்டாலிக் காரில் நீலம் ஏறினால் அந்த நிமிடமே நிறுத்துங்கள், கிளியர் கோட் போய்விட்டது.

செலவுக் கணக்கு

எனக்கு ஒரு அடிப்படைக் கேள்வி. இதெல்லாம் தேவையா? வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதற்கான பொருளை கிளியர் கோட்டிலேயே கலந்துதான் கம்பெனியில் அடிக்கிறார்கள். ஒரு மைக்ரான்கூட இல்லாத மெழுகு அதற்கு மேல் என்ன செய்துவிடும்? ஒரு நல்ல கவர் வாங்கிப் போட்டுவிட்டால் வெயில், காக்கை இரண்டுக்கும் சேர்த்துத் தீர்வு. இல்லையென்றால் ஒரே முறை செராமிக் கோட்டிங், அதாவது பெயின்ட்டின் மேல் கெட்டியாக இறுகும் பூச்சு, செய்துவிட்டு இரண்டு வருடம் நிம்மதியாக இருக்கலாம்.

கோவைப் பட்டறை

வாக்ஸ் வெயிலைப் பெரிதாகத் தடுக்காது, அது சரி. நானும் கஸ்டமர்களிடம் அப்படித்தான் சொல்கிறேன். வாக்ஸ் வேலை செய்வது காக்கை எச்சத்திலும் பிசினிலும். எச்சத்தில் அமிலத் தன்மை உண்டு. வெயிலில் பெயின்ட் இளகியிருக்கும்போது எச்சம் அதன்மேல் காய்ந்து, சாயங்காலம் பெயின்ட் குளிர்ந்து இறுகினால் தடம் அப்படியே நின்றுவிடும், பாலிஷ் போடாமல் போகாது. வாக்ஸ் இருந்தால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கும். மத்தியானம் பார்த்தவுடன் ஈரத்துணியை மேலே போட்டு ஊறவைத்து எடுத்தால் சுலபமாக வந்துவிடும். வாக்ஸ் போட்டாயிற்று என்று இரண்டு நாள் விட்டுவிட்டால் எந்த டப்பாவும் காப்பாற்றாது.

கவர் மூடிய இடத்துக்கு நல்லது. வெளியில், கடல் காற்றில், தூசி படிந்த காரின் மேல் கவர் போட்டால் அது அடித்து அடித்தே உப்புத்தாள் வேலையைச் செய்துவிடும். தினமும் கழுவிவிட்டுக் கவர் போடுகிற ஆள் யாரும் இல்லை.

செராமிக் செய்து கொடுப்பதில் எனக்கு நல்ல வருமானம். ஆனாலும் சொல்கிறேன், போர் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிடுகிற காருக்குச் செராமிக் போட்டால் அதன் மேலேயே உப்புத் தடம் ஏறும். பிறகு அதைத் தேய்த்து எடுக்கும்போது கோட்டிங்கும் சேர்ந்து போகும். வாக்ஸ் என்றால் போனால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

அடையாறு நீலம்

எல்லோருக்கும் நன்றி. இரண்டு விஷயம் கேட்க வேண்டும். போர் தண்ணீர்ப் பொட்டுகள் இப்போதே கூரையில் வெள்ளை வெள்ளையாக இருக்கின்றன. வாக்ஸ் போட்டால் தண்ணீர் முத்து முத்தாக நிற்கும் என்கிறார்களே, அப்போது பொட்டு இன்னும் கூடுமா? இன்னொன்று, போன மாதம் ஒரு ஆட்டோ உரசியதில் இடது பின் கதவை முழுக்கப் புதிதாகப் பெயின்ட் அடித்தோம். அதற்கும் சேர்த்தே வாக்ஸ் போடலாமா?

கோவைப் பட்டறை

முதலில் கதவு. அதை இப்போது தொடாதீர்கள். தொழிற்சாலையில் வெறும் பாடியை 140 டிகிரி அளவில் சுட்டு எடுக்கிறார்கள், அது அன்றைக்கே தயார். பட்டறையில் பிளாஸ்டிக், வயர் எல்லாம் இருக்கும் காரை 60 டிகிரிக்கு மேல் சூடாக்க முடியாது, பல இடங்களில் அதுவும் இல்லாமல் வெளியில்தான் காயவைக்கிறார்கள். பெயின்ட்டுக்குள் இருக்கும் தின்னர் மெதுவாக வெளியேற 30 முதல் 90 நாள் ஆகும். அதற்குள் வாக்ஸ் பூசி அடைத்தால் பெயின்ட் இறுகுவது கெடும். பட்டறைக்காரரிடம் எந்தப் பெயின்ட் என்று கேட்டு அவர் சொல்லும் நாள் வரை அந்தக் கதவை வெறும் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள்.

தண்ணீர்ப் பொட்டு பற்றி சரியாகக் கேட்டீர்கள். முத்துமுத்தாக நிற்பதைப் பார்த்து வாக்ஸ் வாங்குகிறார்கள், வெயிலில் நிற்கும் காருக்கு அந்த முத்துதான் எதிரி. போர் தண்ணீரில் கால்சியம், மெக்னீசியம் உப்பு கரைந்திருக்கும். துளி ஒரே இடத்தில் நின்று காய்ந்தால் அதிலிருக்கும் உப்பு முழுக்க அந்த வட்டத்தில் இறங்கும். பானெட் சூடாக இருந்தால் கிளியர் கோட்டையே அரிக்கும். அதனால் வெயில் ஏறுமுன் கழுவுங்கள். கடைசி அலசலுக்கு பைப் முனையிலிருந்து ஸ்பிரேயைக் கழற்றிவிட்டு, கூரையிலிருந்து மெதுவாகத் தண்ணீரை வழியவிடுங்கள். வாக்ஸ் இருக்கும் காரில் அது ஒரே தகடாக இறங்கி முக்கால்வாசித் தண்ணீரை இழுத்துக்கொண்டு போகும். மிச்சத்தை உடனே பெரிய மைக்ரோஃபைபர் டவலால் ஒற்றி எடுங்கள்.

ஒரு பக்கெட் மெட்ரோ தண்ணீர் கிடைத்தால் கடைசி அலசலுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.ஓ. மெஷினிலிருந்து வீணாகும் தண்ணீரைச் சேமித்துக் காருக்கு ஊற்றுகிற வழக்கம் பல அபார்ட்மென்ட்களில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். வடிகட்டிய உப்பு முழுக்க அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. இப்போது கூரையில் இருக்கும் பொட்டுக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சமமாகக் கலந்து, நிழலில், துணியால் ஒற்றி ஓரிரு நிமிடம் வைத்துவிட்டு நிறைய அலசுங்கள். போகாதது அரித்த தடம், அதற்குப் பாலிஷ்தான் வழி. வினிகர் மெழுகையும் கொஞ்சம் எடுத்துவிடும், வாக்ஸ் போடும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

உப்புக்காற்று

பட்டறை அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தினமும் காலையில் ஒரே பக்கெட்டில் துணியை நனைத்து வரிசையாக எல்லாக் கார்களையும் துடைப்பவரிடம், உங்கள் காரை மட்டும் விட்டுவிடச் சொல்லுங்கள். மாதச் சம்பளம் அப்படியே கொடுங்கள், கண்ணாடியும் சக்கரமும் துடைத்தால் போதும். கருநீலத்தில் வெயில் படும்போது தெரியும் வட்ட வட்டக் கீறல்கள் பெரும்பாலும் அந்தத் துணியால் வருபவை. எந்த வாக்ஸும் அதைத் தடுக்காது.

மெழுகுப்பிரியன்

கழுவும் முறை பற்றி எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கருநீலத்துக்குச் சிந்தெடிக் அழகாக இருக்கும் என்று மட்டும் யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். அவருக்கு நேரம்தான் பிரச்சினை என்றால் அடியில் சிந்தெடிக் போட்டு, ஒரு நாள் இறுகவிட்டு, மேலே கார்னௌபா போடலாம். தலைகீழாகப் போட்டால் சிந்தெடிக் பிடிக்காது, அதற்குச் சுத்தமான பெயின்ட் வேண்டும். பண்டிகை, கல்யாணம் என்று வரும்போது மேலே ஒரு கார்னௌபா பூச்சு மட்டும் புதுப்பித்தால் போதும். அழகும் இருக்கும், அடியில் பாதுகாப்பும் இருக்கும்.

உப்புக்காற்று

அந்த மேல் பூச்சு ஒரு மாதத்தில் போய்விடும், ஆனால் போடுவதில் கெடுதல் இல்லை. அவருக்கு ஆசை இருந்தால் போடட்டும். இல்லையென்றால் 476எஸ் ஒன்றே போதும் என்பதுதான் இப்போதும் என் கருத்து.

அடையாறு நீலம்

476எஸ் டப்பாவே வாங்குகிறேன். வினிகர், க்ளே, அப்புறம் வாக்ஸ், பின் கதவை விட்டுவிட்டு. கார்னௌபாவைப் பொங்கலுக்குப் பார்க்கலாம். எவ்வளவு தடவ வேண்டும்?

உப்புக்காற்று

கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மங்கல், அவ்வளவுதான். இந்த டப்பாவில் எல்லோரும் திண்டாடுவது அதிகம் அப்புவதால்தான், இறுகிய பிறகு துடைக்கவே வராது. ஈரமாக்கிப் பிழிந்த ஸ்பாஞ்சை டப்பாவில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, ஒரு பகுதியாகப் பூசுங்கள். விரலால் இழுத்துப் பார்த்து, கோடு சுத்தமாக விழுந்தால் துடைக்கலாம், பிசுபிசுத்தால் இன்னும் கொஞ்சம் பொறுங்கள். ஒரு டவல் எடுக்க, இன்னொன்று மெருகேற்ற. கறுப்புப் பிளாஸ்டிக் ஓரங்களில் பட்டால் வெள்ளையாக நின்றுவிடும், முன்கூட்டியே மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் மூடியை இறுக்கி மூடி நிழலில் வையுங்கள், கரைப்பான் ஆவியானால் டப்பா கல்லாகிவிடும்.